அனஸ்தீசியா: மயக்கமா, மரப்பா?

மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றிய கையோடு மறுசீரமைப்பும் செய்துகொண்ட என் அத்தையிடம் மறுநாள் காலை தாதி கேட்டார்: "மயக்கமா இருக்காம்மா?" "அதெல்லாம் நேத்தே தெளிஞ்சிடுச்சு," என்றார் அத்தை. கட்டிலைவிட்டு எழுந்ததும் தலை சுற்றி என் தோளில் சாய்ந்துவிட்டார். தாதி கேட்டது தலைச்சுற்றலை. அத்தை சொன்னது அறுவைக்குக் கொடுத்த மயக்க மருந்தை. ஆங்கில 'giddy'-யை எடுத்துக்கொண்டு, சிங்கப்பூர்த் தமிழில் 'கிடியா இருக்கா' என்று கேட்டிருந்தால் வம்பே இல்லை.

அந்த மருந்து தரும் நிலைக்கு ஆங்கிலத்தில் அனஸ்தீசியா என்று பெயர்; அது கிரேக்கச் சொல். 'அன்' என்றால் இன்மை, 'ஐஸ்தேசிஸ்' என்றால் உணர்வு. 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியை முகரவைத்து அறுவைக்கு வழிவிட்டார். அடுத்த மாதமே, அந்த நிலைக்கு இந்தப் பழைய சொல்லைச் சூட்டலாம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார் மருத்துவரும் கவிஞருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். சொல்லில் தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை.

நம் 'மயக்கம்' வேறு குடும்பம். கலத்தல், தடுமாறுதல் என்பவை அதன் பழைய பொருள்கள். ஒரு நிலத்துக்கு உரியது இன்னொரு நிலத்தோடு கலக்கும் திணைமயக்கம் அப்படி வந்ததுதான். இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்றும் ஒன்று உண்டு. மருத்துவமனைக்கென்றே செய்ததுபோல் ஒலிக்கும், ஆனால் அது மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது! சீனரின் 'மாஸுவே' இரண்டையும் சேர்த்துக்கொண்டது: 'மா' மரப்பு, 'ஸுவே' போதை.

மரப்பு நம்மிடமும் உண்டு. சம்மணமிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகிறதே, மரக்கட்டைபோல, அதுதான். விரைவில் தேறவைக்கும் இன்றைய முறையில் இதற்குத்தான் பெரிய வேலை. நோயாளி தூங்கும்போதே, முதுகெலும்பின் ஓரத்திலோ மார்புத் தசைகளுக்கு இடையிலோ மரப்பு மருந்தைச் செலுத்தி, மார்புக்கு வரும் நரம்புகளை அடக்கிவைக்கிறார்கள். கண்விழிக்கும்போது வலி குறைவு, மார்ஃபின் வகை மருந்தும் குறைவாகவே தேவைப்படும், வாந்தியும் குறையும். புகைபிடிக்காத, வண்டிப் பயணத்தில் குமட்டும் பெண்களுக்கு இந்த வாந்தி அதிகம். பக்கத்து மலேசியாவின் ஜொகூர் போய்வருவதற்குள் இரண்டு பிளாஸ்டிக் பை கேட்பவர் அத்தை.

அறுவைக்கு முந்தைய பட்டினியும் சுருங்கிவிட்டது. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீர்மத்துக்கு 2 மணி நேரம். பாலில்லாத காப்பியான கோப்பி ஓ தெளிந்த நீர்மக் கணக்கில் சேரும். இழுத்து ஆற்றும் தேநீரான தே தாரிக் சேராது, பால் இருக்கிறது. ஆனாலும் உங்கள் மருத்துவர் குறித்துக் கொடுத்த நேரமே முடிவு.

துறைக்கு 'மயக்கவியல்' என்ற பெயர் தமிழ்நாட்டில் ஊன்றிவிட்டது. எனக்கு 'உணர்வகற்றியல்' பிடிக்கும்; தூங்கவைப்பதும் மரக்கவைப்பதும் அதில் அடங்கும். தூங்கவைப்பதற்கு மட்டும் மயக்கம், நரம்பை அடக்குவதற்கு மரப்பூசி என்று வைத்துக்கொள்ளலாம். 'உணர்விழப்பு' என்று சிலர் எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. மருத்துவர் அகற்றிய உணர்வு, மருந்தின் வேகம் தணிந்ததும் திரும்பிவிடும். இழப்பு வேறு. அறுவையில் தோல் நரம்புகள் வெட்டுப்படுவதால், புதிதாக அமைத்த மார்பகத்தில் உணர்வு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். ஆறு மாதம் கழித்தும் சட்டைக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு அத்தை சொல்வார்: "இது இன்னும் மரத்துத்தான் கெடக்கு."