டோர்ட்டியா கிண்ணம் ஆறிய பிறகே மொறுமொறுப்பது ஏன்?

மெக்சிகோவின் மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவைக் கிண்ண வடிவில் சுட்டுப் பார்த்த வாசகர் ஒருவர், பன்னிரண்டு நிமிடம் ஆகியும் அது தொட்டால் வளைந்ததாகவும், வேகவில்லை என்றெண்ணி மீண்டும் ஓவனில் வைத்ததில் கருகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். முதல் தடவை எடுத்தபோதே கிண்ணம் தயாராகத்தான் இருந்திருக்கும். அது ஆறவில்லை, அவ்வளவுதான்.

செய்முறை எளிது. கோதுமை டோர்ட்டியாவை இலேசாகச் சூடாக்கி, இருபுறமும் எண்ணெய் தடவி, சூடு தாங்கும் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்தி, 190 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். மெக்சிகோவின் வடக்கே சொனோராவில் பெரிதும் உண்ணப்படும் கோதுமை டோர்ட்டியாவில் குளூட்டன் என்ற புரதத்தின் வலை இருப்பதால் அது மடிப்புக்கு ஈடுகொடுக்கும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்ட மக்காச்சோளத்தை அரைத்துத் தட்டும் டோர்ட்டியாவில் அந்த வலை இல்லாததால், ஆறியதை வளைத்தால் விரிசல் விடும். சுடும்போது வரும் பழுப்பு நிறமும் மணமும், 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விவரித்த, சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான வினையின் விளைவு.

மொறுமொறுப்பின் கதை வேறு. டோர்ட்டியாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று நழுவிக் கடக்க முடிந்தால் பண்டம் வளையும். இருந்த இடத்தில் உறைந்துவிட்டால், சன்னல் கண்ணாடியைப் போல ஒழுங்கற்ற அமைப்புடனேயே இறுகி, அழுத்தினால் ஓசையுடன் உடையும். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட எல்லையைக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்கிறோம். வியப்பு என்னவென்றால், இந்த எல்லை ஓரிடத்தில் நிற்பதில்லை. சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை நழுவவிடும் வேலையை நீர் செய்வதால், நூற்றுக்கு இருபது பங்கு ஈரமுள்ள மாவுச்சத்தில் அது ஏறத்தாழ அறை வெப்பநிலையிலேயே இருக்க, முற்றிலும் உலர்ந்ததிலோ 200 டிகிரியையும் தாண்டிவிடுகிறது. நீரை விரட்டி அந்த எல்லையை உயர்த்துவதே ஓவனின் வேலை. ஆனால் சிறிதளவு ஈரம் எஞ்சியிருக்கும் கிண்ணம் வெளியே வரும் கணத்தில் அந்த எல்லைக்கு மேலே இருப்பதால் வளைகிறது. கடலைமிட்டாய்ப் பாகு சூட்டில் இழுபட்டு, ஆறியதும் முறிவதும் இதே நியாயப்படிதான். ஆகவே கிண்ணத்தை அச்சின் மேலேயே ஆறவிட வேண்டும்.

நெகிழிகளுக்கு உரியதாகக் கருதப்பட்ட இந்தக் கருத்தை 1980-களில் உணவுக்கு விரிவாகப் பொருத்திக் காட்டிய லூயிஸ் ஸ்லேடும் ஹாரி லெவினும் உணவு நிறுவன ஆய்வாளர்கள். சமையலறையை ஆய்வுக்குத் தகுந்த இடமாக நம் இயற்பியல் துறைகளும் மதித்து, கொஞ்சம் நிதி ஒதுக்கினால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

எல்லையைத் தலைகீழாகக் கடப்பதற்குத் தமிழில் அருமையான சொல் உண்டு: நமுத்துப்போதல். மழைநாளில் பொரித்து வைத்த அப்பளத்துக்கு நேர்வதே, தக்காளி சல்சாவையும் பீன்ஸையும் நேராகக் கொட்டிய கிண்ணத்துக்கும் நேர்கிறது. அடியில் சீஸ் துருவலைப் பரப்பினால் அதன் கொழுப்பு நீரைச் சற்றுத் தாமதப்படுத்தும். சூடு ஆறுமுன் டப்பாவில் அடைத்தாலோ வெளியேறிய ஆவியே திரும்பி வந்து நமுக்கச் செய்துவிடும். நிரப்பாத கிண்ணம் காற்றின் ஈரத்தில் நமுத்திருந்தால், மீண்டும் ஐந்து நிமிடம் ஓவனில் வைத்து, இந்தத் தடவையேனும் பொறுமையாக ஆறவிடலாம்.