எல்லை தாண்டி பெட்ரோல் போட்டால் லாபமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "முள்ளோடையைத் தாண்டினால் பாண்டிச்சேரி பங்கில் பெட்ரோல் லிட்டருக்கு அஞ்சு ரூபாய் குறைவு. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் போய்ப் போடுகிறார்கள். நிஜமாகவே இதில் மிச்சம் உண்டா? இன்னொரு சந்தேகம். இருபது ரூபாய்க்காக ஸ்கூட்டரில் அவ்வளவு தூரம் போகிற என் மைத்துனர், 25,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கப் போனபோது, பக்கத்து ஊர்க் கடையில் இருநூறு ரூபாய் குறைவாம் என்றதற்கு 'அட, விடுங்க மாமா' என்றுவிட்டார். இது என்ன கணக்கு?"

முதல் கேள்வி பள்ளிக்கூடக் கணக்கு. சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த இடம். மைத்துனரைக் கிண்டல் செய்வதற்கு முன், காக்கைக்கும் குரங்குக்கும் கூட இதே கணக்குதான் என்பதைப் பார்த்துவிடலாம்.

விலை ஏன் வேறுபடுகிறது என்பது தெரிந்ததுதான். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்குள் வரவில்லை. மத்திய அரசின் கலால் வரி நாடு முழுக்க ஒன்றே. அதற்கு மேல் மாநிலங்கள் போடும் மதிப்புக்கூட்டு வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதுச்சேரியில் அது குறைவு. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துண்டு நிலங்கள் என்பதால் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக்கு நடுவிலும், மாஹே கேரளத்துக்கு நடுவிலும், ஏனாம் ஆந்திரத்துக்கு நடுவிலும் கிடக்கின்றன. அதனால்தான் முள்ளோடை, மதகடிப்பட்டு, கனகசெட்டிக்குளம் என்று எல்லை ஓரத்தில் எல்லாம் பங்குகள் நெருக்கியடித்து நிற்கின்றன. கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே மாஹேயிலும் இதே காட்சிதான்.

இனி கணக்கு. நம் பக்கம் 101 ரூபாய், அந்தப் பக்கம் 96 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து எல்லை பங்குக்கு 8 கிலோமீட்டர், போய்வர 16. ஸ்கூட்டரில் 4 லிட்டர் போட்டால் மிச்சம் 20 ரூபாய். 45 மைலேஜ் தரும் வண்டி அந்த 16 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 350 மில்லி குடிக்கும். அது நம்மூர் விலைக்கு 36 ரூபாய். ஆக 16 ரூபாய் நஷ்டம். மைத்துனர் இருபது ரூபாய் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

காரில் 30 லிட்டர் போட்டால் மிச்சம் 150 ரூபாய். 15 மைலேஜ் என்றால் பயணத்துக்கு ஏறக்குறைய 108 ரூபாய் போகும். கையில் நிற்பது 42 ரூபாய். டயர் தேய்மானம், ஆயில் எல்லாம் கணக்கில் எடுக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் இப்படிக் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. விலை எத்தனை சதவீதம் குறைவு என்று பாருங்கள். இங்கே ஐந்து சதவீதம். நீங்கள் போடப்போகும் பெட்ரோலில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும்? அதில் ஐந்து சதவீதம்தான் போய்வரும் தூரத்தின் எல்லை. ஸ்கூட்டர் 180 கிலோமீட்டர் ஓடும், எல்லை 9. கார் 450 ஓடும், எல்லை இருபத்திரண்டரை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர்தான் கொடுக்கும் லாரி, டீசலிலும் அதே ஐந்து சதவீதம் குறைவு என்று கொண்டால், 300 லிட்டர் அடித்து 1,200 கிலோமீட்டர் ஓடும். அதற்கு எல்லை 60. நல்ல மைலேஜ் தரும் வண்டிக்குத்தான் தூரமாகப் போய்ப் போடுவது கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முடிவு செய்வது மைலேஜ் மட்டுமல்ல, மைலேஜும் போடும் லிட்டரும் பெருகி வரும் தூரம். அதனால்தான் எல்லை பங்கில் லாரி நிற்பதில் அர்த்தம் இருக்கிறது. இருநூறு ரூபாய்க்குப் போட மட்டும் வருகிற பைக்குக்கு இல்லை. வேலைக்காகத் தினமும் பாண்டிச்சேரி போய்வருகிறவருக்கு இந்தக் கணக்கே வேண்டாம். வழியில் இருக்கிற பங்கில் போடுவதற்குத் தனிப் பயணச் செலவு ஏது?

சந்தடி சாக்கில் ஒரு மூடநம்பிக்கையையும் பார்த்துவிடலாம். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், அதே காசுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பெட்ரோல் சூட்டில் விரியும் என்பது உண்மை. 10 டிகிரி ஏறினால் கனஅளவு சுமார் ஒரு சதவீதம் கூடும். ஆனால் பங்கின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. அப்படியே 10 டிகிரி மாறினாலும் 4 லிட்டருக்கு வித்தியாசம் 40 மில்லி, நாலு ரூபாய். அதற்காக அலாரம் வைத்து எழுந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். படித்தவர்கள்தான்.

இனி மைத்துனர் விஷயம். ஸ்கூட்டரில் 16 கிலோமீட்டர் போனது இருபது ரூபாய்க்காக. வாஷிங் மெஷினில் விட்டது இருநூறு. ரூபாய் எங்கே மிச்சமானாலும் ரூபாய்தான். பத்து மடங்கு பெரிய தொகையை விட்டுவிட்டுச் சின்னதைத் துரத்துவது பகுத்தறிவுக்கு ஒத்துவரவில்லை. உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1981இல் இதையே சோதித்துப் பார்த்தார்கள். நீங்கள் ஒரு கோட்டும் ஒரு கால்குலேட்டரும் வாங்க வந்திருக்கிறீர்கள். கோட்டு 125 டாலர், கால்குலேட்டர் 15 டாலர். 20 நிமிடம் காரில் போனால் இன்னொரு கிளையில் கால்குலேட்டர் 10 டாலருக்குக் கிடைக்கும். போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். வேறு சிலரிடம் விலையை மாற்றிப் போட்டார்கள்: கோட்டு 15 டாலர், கால்குலேட்டர் 125, அந்தக் கிளையில் 120. மொத்தச் செலவு அதே, மிச்சம் அதே 5 டாலர், பயணமும் அதே 20 நிமிடம். இப்போது போவோம் என்றவர்கள் 29 சதவீதம்தான்.

மூளை வித்தியாசத்தைப் பார்க்கவில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. ஸ்கூட்டருக்கு 404 ரூபாயில் 20 என்பது நூற்றுக்கு ஐந்து. வாஷிங் மெஷினில் 200 என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இதை முதலில் அளந்தவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இருந்த உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர். 1830களில் அவர் ஆட்களை எடைகளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எடை எவ்வளவு கூடினால் கைக்கு வித்தியாசம் தெரிகிறது? இத்தனை கிராம் என்று ஒரே பதில் வரவில்லை. தூக்கும் எடையில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு கூடினால் தெரிந்தது. எடை பெரிதானால் தேவைப்படும் வித்தியாசமும் அதே விகிதத்தில் பெரிதானது. அதே ஊரைச் சேர்ந்த இயற்பியலாளர் குஸ்டாவ் ஃபெக்னருக்கு 1850 அக்டோபர் 22 காலை, படுக்கையில் கிடக்கும்போதே, இதைக் கணித விதியாக்கலாம் என்று தோன்றியது. புலன்களை அளக்கும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்தத் தேதியைக் கொண்டாடுகிறார்கள்.

சரி, மூளை ஏன் இப்படி இருக்க வேண்டும்? ஒரு நியூரான், அதாவது நரம்பு செல், நொடிக்குச் சில நூறு துடிப்புகளுக்கு மேல் அனுப்ப முடியாது. அதனிடம் இருக்கும் அளவுகோல் அவ்வளவு சின்னது. வெளியுலகமோ பிரம்மாண்டமானது: நிலவில்லாத இரவின் ஒளிக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே கோடி மடங்குக்கு மேல் வேறுபாடு. இத்தனையையும் அந்தச் சின்ன அளவுகோலில் அடக்க ஒரே வழி, 'எவ்வளவு' என்பதை விட்டுவிட்டு 'ஏற்கெனவே இருந்ததைப் போல எத்தனை மடங்கு' என்பதை மட்டும் சொல்வது. சம மடங்குகளைச் சம இடைவெளிகளாக மாற்றும் லாகரிதம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

கண்ணுக்கும் கைக்கும் இது சரி, எண்ணுக்குமா என்று கேட்டால், அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் ஆண்ட்ரியாஸ் நீடரும் ஏர்ல் மில்லரும் குரங்குகளுக்குத் திரையில் புள்ளிகளைக் காட்டி, மூளையின் முன்பகுதியில் ஒவ்வொரு செல்லின் துடிப்பையும் தனித்தனியாகப் பதிவு செய்தார்கள். ஒரு செல் நான்கு புள்ளிகளைப் பார்த்தால் உச்சத்தில் துடிக்கும். மூன்றுக்கும் ஐந்துக்கும் கொஞ்சம் குறைவாகத் துடிக்கும், ஒன்றுக்கு ஏறக்குறைய சும்மா இருக்கும். இன்னொரு செல்லுக்குப் பிடித்த எண் இரண்டு. பிடித்த எண் பெரிதாக ஆக, செல்லின் துல்லியம் குறைந்தது. இரண்டின் செல் கறாரானது. ஐந்தின் செல்லோ அக்கம்பக்கத்து எண்களுக்கும் தாராளமாகத் துடித்தது. துடிப்பை வரைபடமாகப் போட்டால் மலை ஒரு பக்கம் செங்குத்தாகவும், பெரிய எண்களின் பக்கம் சரிவாக நீண்டும் கோணலாக வந்தது. 2003இல் அவர்கள் அதே வரைபடத்தின் எண் அச்சை லாகரிதமாக மாற்றிப் போட்டார்கள். கோணல் போய்விட்டது. எல்லா மலைகளும் இருபுறமும் சமமாக, ஒரே அகலத்தில் எழுந்து நின்றன. அந்த விலங்கின் தலைக்குள் எண்கள் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன: ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் இரண்டுக்கும் நான்குக்கும்.

2015இல் நீடரின் குழு இதையே காக்கையிடம் செய்தது. காக்கை மூளையில் நம்முடையதைப் போல அடுக்கடுக்கான புறணி, அதாவது மூளையின் வெளிப்படலம், கிடையாது. பறவைகளின் மூதாதையும் நம் மூதாதையும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேலாகிறது. இருந்தும் அங்கேயும் எண்ணுக்கென்று செல்கள், அங்கேயும் அதே லாகரித அடுக்கு. நாம் பள்ளியில் எண்களைச் சம இடைவெளியில் எழுதப் பழகினாலும் அடியில் இந்தப் பழைய அளவுகோல் அழியாமல் இருக்கிறது. 2, 9 என்று இரண்டு இலக்கங்களைக் காட்டி எது பெரிது என்று கேட்டால் பெரியவர்கள் உடனே சொல்கிறார்கள். 8, 9 என்றால் ஒரு கணம் தாமதம். 1967இலேயே அளந்துவிட்டார்கள். எழுத்தில் இருக்கும் விலையைப் படிக்கும்போதும் மைத்துனரின் தலைக்குள் ஓடுவது இந்த அளவுகோல்தான் என்று நான் கருதுகிறேன்.

காக்கை எண்ணுகிறதா என்று பார்க்க வரிப்பணம் எதற்கு என்று நம்மூரில் கேட்பார்கள். இந்தியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது; தென்கொரியா 4 சதவீதத்துக்கு மேல். இந்த 0.64இல் யாருக்கும் உடனே பயன்படாத ஆராய்ச்சிக்கு எவ்வளவு மிஞ்சும்? நம் தெருவெல்லாம் காக்கை, அதன் தலைக்குள் இருக்கும் எண்ணைக் கண்டுபிடித்தது ஜெர்மனியில். எனக்கு வருத்தம்தான்.

விகிதத்தைப் பார்ப்பது எப்போதும் தப்பு என்று சொல்ல வரவில்லை. எத்தனை கிலோமீட்டர் வரை போகலாம் என்ற கணக்குக்குச் சதவீதம்தான் சரியான கருவி. பெட்ரோல் செலவு பெட்ரோலிலேயே கழிகிறது, ஆகவே விகிதம் வேலை செய்கிறது. சிக்கல் நேரத்தைக் கணக்கிடும்போதுதான் வருகிறது. ஒரு மணி நேரம் போனால், அது ஸ்கூட்டருக்காகப் போனாலும் வாஷிங் மெஷினுக்காகப் போனாலும் ஒரு மணி நேரம்தான். அதற்கு எதிரே வைக்க வேண்டியது சதவீதம் அல்ல, கைக்கு வந்த ரூபாய். பங்கில் ரூபாய் ஓடுவது தெரிகிறது, லிட்டர் ஓடுவது தெரிகிறது, நிமிடம் ஓடுவதைக் காட்ட ஒன்றும் இல்லை. நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரமும் விகிதக் கடிகாரம்தான். முக்கால் மணி நேரம் போன பிறகு வரிசையில் இன்னும் பத்து நிமிடம் என்றால் ஒன்றும் தோன்றாது.

வரிசை என்றதும் கலிபோர்னியா நினைவுக்கு வருகிறது. 1980இல் அரசின் விலைக் கட்டுப்பாட்டு விதிகளால் அங்கே செவ்ரான் நிறுவனத்தின் பெட்ரோல் பங்குகள் மட்டும் போட்டியாளர்களைவிடக் குறைந்த விலைக்கு விற்கவேண்டி வந்தது. செவ்ரானில் நீள வரிசை, பக்கத்துப் பங்கில் வரிசையே இல்லை. ராபர்ட் டீக்கன், ஜான் சான்ஸ்டெலி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இரு இடத்திலும் வாடிக்கையாளர்களை விசாரித்தார்கள். யார் எவ்வளவு மிச்சத்துக்காக எவ்வளவு நேரம் நிற்கச் சம்மதித்தார் என்று பார்த்தால், அவர் தன் நேரத்துக்குப் போடும் விலை தெரிந்துவிடும் அல்லவா? வரிசையில் நின்றவர்கள் ஒரு தடவைக்கு அதிகமாகப் போட்டுக்கொண்டார்கள். காத்திருக்கும் நேரம் அஞ்சு லிட்டருக்கும் அதேதான், முப்பது லிட்டருக்கும் அதேதான் என்பதால் நிறையப் போடுகிறவருக்குத்தான் அது கட்டும்.

வரிசையின் நீளமும் சும்மா அமைவதில்லை. மலிவான பங்கில் கூட்டம் இல்லையென்றால் இன்னும் சிலர் வருவார்கள். வந்து வந்து, கடைசியாகச் சேர்கிறவருக்கு மிச்சமும் காத்திருப்பும் சரிக்குச் சரியாகும்வரை வரிசை வளரும். விலைக் குறைப்பில் ஒரு பகுதியைக் காத்திருப்பே தின்றுவிடுகிறது. அது பங்க்காரருக்கும் போவதில்லை, அரசுக்கும் போவதில்லை.

மஞ்சக்குப்பம் காருக்கு 42 ரூபாய் நின்றது என்று பார்த்தோம். போய்ப் போட்டுத் திரும்ப முக்கால் மணி நேரம் என்றால் மணிக்கு 56 ரூபாய். வரிசையில் பத்து நிமிடம் கூடினால் 46க்கு இறங்கும். முழுதாக ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் மணிக்கு 42. தமிழ்நாட்டில் 2025-26க்கான நூறுநாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அதை எட்டு மணி நேரத்தால் வகுத்தாலும் அதே 42தான் வருகிறது.