கொதிக்காத நீரும் ஒகேனக்கல் சுழியும்

தருமபுரியில் எந்த வங்கிக்குள் நுழைந்தாலும் கறுப்புக் கூம்பு வைத்த சிவப்பு சிலிண்டர் ஒன்று சுவரில் தொங்கும். உள்ளே தீயணைக்கும் கார்பன் டை ஆக்சைடு. மார்கழிக் குளிரில் அதில் பெரும்பகுதி திரவம், மேலே கொஞ்சம் வாயு. சித்திரை மதியம் அறை 31 டிகிரியைத் தாண்டிவிட்டால் இரண்டுக்கும் நடுவே கோடே இருக்காது. திரவம் என்றும் சொல்ல முடியாது, வாயு என்றும் சொல்ல முடியாது. இதுதான் சூப்பர் கிரிட்டிக்கல் நிலை.

1822இல் பிரான்சின் கானியார் த லா டூர் இதைக் காதால் கண்டுபிடித்தார். துப்பாக்கிக் குழாயில் திரவத்தையும் ஒரு கல் குண்டையும் போட்டு அடைத்து, சூடாக்கி உருட்டினார். சளக் சளக்கென்ற சத்தம் ஒரு கட்டத்தில் நின்றுபோனது.

அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். அழுத்தம் குறைந்த ஓசூர் மேட்டில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. காற்றழுத்தத்தைப் போல 218 மடங்கு, 374 டிகிரி என்ற எல்லைக்கு மேலே போனால் கொதிப்பு என்பதே கிடையாது, ஒரு குமிழிகூட வராது. வடசென்னையின் 800 மெகாவாட் அனல்மின் அலகின் பாய்லர் இப்படித்தான் இயங்குகிறது.

குமிழி இல்லையென்றால் தொல்லையும் இல்லை என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. 250 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு காற்றழுத்தம்) 385 டிகிரியை ஒட்டி நீரின் வெப்பம் ஏற்கும் திறன் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் எகிறும். 375இலிருந்து 395 டிகிரிக்குள் அடர்த்தி பாதிக்கும் கீழே சரியும். மிதமாகச் சூடாக்கினால் இது வரம். நீர் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். ஆனால் ஓட்டம் குறைவாக இருக்கும்போது பாய்லர் குழாயைக் கடுமையாகச் சூடாக்கினால் கதை மாறுகிறது.

ஒகேனக்கலில் பரிசலில் போனவர்களுக்குத் தெரியும்: பாறையோரம் தண்ணீர் மெதுவாகப் போகும், நடுவில் வேகமாகப் போகும், இரண்டும் உரசும் இடத்தில் சுழி. பாய்லர் குழாயிலும் சுவரின் சூட்டை நடுவுக்குக் கடத்துவது இத்தகைய சுழிகள்தான். மேல்நோக்கி ஓடும் குழாயில், சுவரை ஒட்டிய நீர் சூடேறி லேசாகி, நடுநீருக்கு இணையாக மேலே விரைகிறது. வேக வித்தியாசம் போய்விடுகிறது, சுழியும் அடங்குகிறது. லேசான அந்தப் படலம் வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. அந்த இடத்தில் இரும்பின் சூடு கிடுகிடுவென ஏறும்.

அதனால்தான் பல பாய்லர் குழாய்களின் உட்சுவரில் துப்பாக்கிக் குழலைப் போலத் திருகு வரிகளை அமைக்கிறார்கள். அடங்கிய சுழியை அந்த வரிகள் மறுபடி கிளப்பிவிடுகின்றன.