மலையில் விடுதி வரும்போது கிராம சபை என்ன செய்யலாம்?

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஒரு தோடர் மந்து, அதாவது தோடர்களின் சிறு குடியிருப்பு, இருக்கிறது. பூங்காவுக்கு டிக்கெட் எடுத்தவர்களில் சிலர், அரைப் பீப்பாய் வடிவக் குடிலையும் பூச்செடிபோல நினைத்து, கேட்காமலேயே கேமராவைத் தூக்கிவிடுகிறார்கள். நீலகிரிக்கு வரும் வண்டிகளை எண்ண 2024 மே மாதம் முதல் இ-பாஸ் இருக்கிறது. காட்டு நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதை அது சொல்லாது. அதற்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேண்டும்.

13.12.2005க்கு முன்பிருந்தே காட்டில் குடியிருந்தோ பயிரிட்டோ வரும் பழங்குடிக் குடும்பம், அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. ரிசார்ட் தரகர் எவ்வளவு நீட்டினாலும் அந்த நிலம் கைமாறாது. சட்டத்தின் மிக நல்ல வரி இதுதான் என்பேன்.

பலரும் தனிப் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். தேன், நெல்லிக்காய் சேகரிப்பதற்கும் மேய்ச்சலுக்கும் ஊர் முழுவதற்குமான சமூக உரிமை தனியாக உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பண்டைய பழங்குடிகள் தங்கள் வாழிடத்துக்கே உரிமை கோரலாம். கோயிலுக்குப் போகும் தடம் வேலிக்குள் சிக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, சாலை என 13 வகை அரசு வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால் ஒதுக்கலாம். பட்டியலில் சுற்றுலா விடுதி கிடையாது. வனவிலங்குக்காக மக்களை இடம்பெயர்த்து அறிவித்த முக்கிய வாழிடத்தைப் பிறகு வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்கவும் சட்டம் தடை போடுகிறது. ஆனால் 2023இல் திருத்தப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டம், வனத்துறைத் திட்டங்களில் சேர்த்த சூழல் சுற்றுலா வசதிகளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். தனியார் பட்டா நிலத்தில் எழும் கட்டடத்தையும் வன உரிமைச் சட்டம் நேரடியாகத் தடுக்காது.

விண்ணப்பம் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் தொடங்கி, கோட்ட அளவிலான குழு வழியாக, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். ஆவணம் இல்லையென்று தயங்க வேண்டாம்: ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமும் சான்றுதான். ஆனால் ஒரே சான்று போதாது. பழைய கல்லறையோ கோயிலோ இருந்தால் அதையும் காட்டுங்கள். கிராம சபையின் முடிவு பாதகமாக இருந்தால், 60 நாட்களுக்குள் கோட்டக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம்.