வயதான குதிரைக்குப் புதுக் குளம்பு வளருமா?

“22 வயதுக் குதிரை. பல வருடமாக லாடம் அடித்து வந்தோம். இப்போது குளம்பின் முன்நுனி நீண்டு, ஓரங்கள் விரிந்து, குதிகால் பகுதி முன்னால் சரிந்து கிடக்கிறது. லாடத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலில் வைத்து, அளவாகச் சீவி வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இந்த வயதில் அது சாத்தியமா? சவாரி செய்யலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

சாத்தியம்தான். பெரும்பாலான குதிரைகளில் நடக்கும். ஆனால் ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கும், சில குதிரைகளில் அதற்கு மேலும். அந்த ஒரு வருடக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், கத்தியும் அரமும் எங்கே வேண்டும், எங்கே கூடவே கூடாது என்பதும் புரிந்துவிடும்.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில் நிற்கும் விலங்கு. நம் நடுவிரலுக்கு நிகரான விரல் அது. குளம்பு அந்த விரலின் நகம்; நகத்தைப் போலவே கெராட்டினால் ஆனது, மேலிருந்து கீழே வளர்வது. ரோமம் முடிந்து குளம்பு தொடங்குகிற மேல்விளிம்பில் சுவர் உருவாகி, மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை கீழே இறங்குகிறது. முன்நுனியில் அது தரையை எட்ட 9 முதல் 12 மாதம் ஆகும். குதிப்பக்கம் சுவர் குட்டை, அதனால் பாதிக் காலம் போதும். வயதானால் இந்த வேகம் கொஞ்சம் குறையும், குளிர்காலத்திலும் குறையும்.

சுவரில் குறுக்காக ஓடும் வளையங்களைப் பலரும் கவனித்திருப்பார்கள். தீவனம் மாறியது, காய்ச்சல் வந்தது, பசும்புல் பருவம் தொடங்கியது எல்லாம் அதில் பதிந்திருக்கும். மாதம் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேல்விளிம்புக்கு 4 சென்டிமீட்டர் கீழே தெரியும் வளையம் 5 மாதம் முன்பு நடந்த ஏதோ ஒன்றின் தடம். வளையங்கள் முன்பக்கம் நெருக்கமாகவும் குதிப்பக்கம் போகப் போக அகலமாகவும் இருந்தால், அந்தக் குதிரைக்கு எப்போதோ லாமினைட்டிஸ் (குளம்பின் உட்பக்கப் பிடி அழற்சியால் தளரும் நோய்) வந்திருக்கலாம். அப்படியானால் அரத்தை எடுப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

சரி, இப்போது குளம்புக்கு உள்ளே போவோம். இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஆசை வந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

குளம்புக்குள் விரலின் கடைசி எலும்பு இருக்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரை அந்த எலும்பை உள்ளங்காலின் மேல் ஊன்றி நிற்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது பக்கச் சுவர். எலும்பு அந்தச் சுவரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. சுவரின் உள்முகத்தில் மேலிருந்து கீழாக 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள் ஓடுகின்றன. எலும்பைப் போர்த்திய இணைப்புத் திசுப் படலத்திலும் அதே எண்ணிக்கையில் மடிப்புகள் உண்டு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கோத்துக்கொள்கின்றன. இதோடு முடியவில்லை. ஒவ்வொரு மடிப்பின் மேலும் 150 முதல் 200 வரை நுண்மடிப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்து வைத்தால் ஒரு குளம்புக்குள் மட்டும் ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். வளர்ந்த மனிதரின் மொத்தத் தோல் பரப்பில் ஏறத்தாழ பாதி இது. உள்ளங்கை அகலமுள்ள ஒரு குளம்புக்குள் இவ்வளவு பரப்பை மடித்து வைத்திருப்பதால்தான், முழுப்பாய்ச்சலில் ஓடும்போதும் எலும்பு சுவரை விட்டுப் பிய்ந்து வருவதில்லை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. சுவர் தினமும் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே நகர்ந்துகொண்டே இருக்கிறது. எலும்பு நகர்வதில்லை. அரை டன் எடையைத் தாங்கும் பிடி, ஒரு கணம்கூட விடாமல், அதே நேரத்தில் இடம் மாறிக்கொண்டும் இருக்க வேண்டும். இது எப்படி முடிகிறது? குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் குளம்பை ஆராய்ந்த கிறிஸ் பொலிட் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மடிப்புச் செல்களை அடித்தளப் படலத்தோடு கட்டிவைத்திருக்கும் நுண்ணிய இணைப்புகளை, மெட்டல்லோபுரோட்டினேஸ் என்ற நொதிகள் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று அவிழ்க்கின்றன. செல் ஒரு நூலளவு நகர்ந்ததும் இணைப்பு மறுபடி கட்டப்படுகிறது. எந்த நேரத்திலும் அவிழ்ந்திருப்பவை மிகச் சில, பிடித்திருப்பவை மிகப் பல. குதிரை தூங்கும்போதும் நடக்கும்போதும் பாயும்போதும் இந்த அவிழ்ப்பும் கட்டலும் நடந்துகொண்டே இருக்கிறது. உடலியலில் நான் படித்தவற்றில் இவ்வளவு அழகான ஏற்பாடுகள் சிலவே.

முன்நுனி நீண்டால் கெடுவது இந்தப் பிடிதான். நகத்தை நீளமாக வளர்த்து அதன் நுனி எதிலாவது மாட்டி மேலே மடங்கினால் எங்கே வலிக்கும்? நுனியில் வலிக்காது; நகமும் சதையும் ஒட்டியிருக்கும் இடத்தில் உயிர் போகும். நீண்ட குளம்பிலும் அதுவேதான். குதிரை ஒவ்வொரு அடியிலும் குளம்பின் முன்நுனியைத் தாண்டித்தான் காலை எடுக்க வேண்டும். நுனி நீளமாக இருந்தால் அது நெம்புகோலாக மாறி, சுவரை எலும்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள். மடிப்புகள் இழுபட்டு நீள்கின்றன. அடியிலிருந்து பார்த்தால், சுவரும் உள்ளங்காலும் சேரும் இடத்தில் மெலிதாக இருக்க வேண்டிய வெள்ளைக் கோடு அகலமாகி, மண்ணும் சிறுகல்லும் புகும் அளவுக்குத் தளர்ந்திருக்கும். மேலே இருந்து நல்ல பிடியோடு புதுச் சுவர் இறங்கி வந்தாலும், கீழே வந்ததும் அதே நெம்புகோல் அதையும் பிய்த்துவிடும்.

பிய்ந்த பிடியை யாராலும் ஒட்ட முடியாது. சீவுபவர் செய்யக்கூடியது நெம்புகோலை எடுத்துவிடுவது. விரிந்த ஓரத்தை வெளிப்பக்கமிருந்து அரத்தால் பின்னுக்குத் தள்ளி, தரையைத் தொடும் விளிம்பை உருட்டிவிட்டால் காலை எடுப்பது எளிதாகிறது, இழுப்பு நின்றுவிடுகிறது. மீண்டும் வளர்ந்து நெம்புவதற்கு முன் அடுத்த முறை சீவ வேண்டும். தொடக்கத்தில் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுவதைவிட அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது வயதான மூட்டுகளுக்கும் நல்லது.

இரண்டு மூன்று மாதத்தில் கண்ணாலேயே ஒன்றைப் பார்க்கலாம். பக்கவாட்டில் நின்று குளம்பைப் பாருங்கள். மேல்விளிம்பை ஒட்டிய சுவர் செங்குத்தாகவும், அதற்குக் கீழே பழைய சுவர் முன்னால் சாய்ந்தும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோணம். மேலே தெரிவதுதான் எலும்போடு இறுக்கமாகப் பிடித்து இறங்கும் புதுச் சுவர். அந்தக் கோணம் மாதத்துக்குச் சில மில்லிமீட்டராகக் கீழே இறங்கும். அது தரையை எட்டும் நாளில் பழைய குளம்பு முழுவதும் போயிருக்கும். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே உயரத்திலிருந்து புகைப்படம் எடுத்து வைக்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

வெட்டக்கூடாதது உள்ளங்கால். அதைக் குடைந்து சுத்தமாகக் காட்டும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. எலும்புக்கும் தரைக்கும் நடுவே 15 மில்லிமீட்டர் அளவு உள்ளங்கால் இருந்தால்தான் குதிரை கல்லில் தைரியமாக நடக்கும். பல வருடம் லாடத்தில் இருந்த குளம்பில் ஏற்கெனவே அது மெலிந்திருக்கக்கூடும். இருப்பதையும் சீவி எடுத்துவிட்டு, “லாடமில்லாமல் இந்தக் குதிரையால் நடக்க முடியவில்லை” என்று சொல்வது அநியாயம்.

அப்புறம் பாதத்தின் பின்பாதி. அடியில் முக்கோணமாக, அழுத்தினால் அமுங்கும் பகுதியை ஃப்ராக் என்பார்கள். அதற்கு மேலே கொழுப்பும் நாரும் குருத்தெலும்பும் கலந்த குதி மெத்தை, இரண்டு பக்கமும் குருத்தெலும்புத் தகடுகள், அவற்றுக்குள் வலைபோல் பின்னிய சிரைகள். குதி முதலில் தரையில் பட்டால் இவை விரிந்து கொடுக்கின்றன. இரத்தம் அந்த நுண்சிரைகளின் வழியே தள்ளப்பட்டு ஓடும்போது அதிர்ச்சியின் ஒரு பகுதி அதிலேயே கரைந்துபோகிறது என்பது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் பௌக்கர் முன்வைத்த கருத்து. சரியாக நடக்கும் குதிரைகளில் குதி மெத்தை கெட்டியாகவும், பாதம் பயன்படாத குதிரைகளில் தொளதொளவென்றும் இருப்பதை அவர் காட்டினார். அவரும் ஹிலரி கிளேட்டனும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 7 குதிரைகளுக்கு 16 மாதம் வெறுங்கால் முறையில் சீவி அளந்து பார்த்தார்கள். முன்நுனி குறைந்து, குதியின் கோணம் நிமிர்ந்திருந்தது. வாசகரின் குதிரைக்கு வேண்டியதும் அதுதான்.

பின்பாதி வலுப்பெற வேண்டுமானால் குதிரை நடக்க வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், குதிரை நிற்கும் இடத்தில் கைப்பிடி அளவு உருண்டைக் கற்களைப் பரப்பிவைத்தால் குளம்பு உறுதியாகும் என்று எழுதினார். அவர் காலத்துக் குதிரைகளுக்கு ஆணியடித்த லாடம் கிடையாது. ஆனால் வலியோடு நடந்தால் பலன் இல்லை. குதியில் வலி இருக்கும் குதிரை முன்நுனியை முதலில் ஊன்றும். அப்படி நடந்து நடந்து பின்பாதி இன்னும் மெலியும். ஃப்ராக்கின் நடுப்பிளவில் கறுப்புக் கசிவும் நாற்றமும் இருந்தால் அது த்ரஷ் என்ற தொற்று. அதைக் குணப்படுத்தாமல் குதி முதலில் ஊன்றும் நடையை எதிர்பார்க்க முடியாது. செல்பேசியில் மெதுவோட்ட வீடியோ எடுத்து, எது முதலில் தரையைத் தொடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

சவாரியைப் பொறுத்தவரை கணக்கு எளிது. நடையில் ஒரு முன்னங்கால் தாங்கும் உச்ச விசை உடல் எடையில் ஏறத்தாழ 60%. ட்ராட் என்ற நடுத்தர ஓட்டத்தில் அது ஏறத்தாழ உடல் எடை அளவுக்கு உயர்கிறது, முழுப்பாய்ச்சலில் 2.5 மடங்கு. பிடி தளர்ந்திருக்கும் முதல் சில மாதங்களுக்கு நடை மட்டும் போதும் என்று நான் சொல்வது இதனால்தான். முதலில் கையில் பிடித்து, சமமான மண் தரையில் 15, 20 நிமிடம். தயக்கமில்லாமல் நடந்தால் முதுகில் ஆள். சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் 20%ஐத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 22 வயதுக்கு 15% என்று வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட நேர்க்கோட்டு நடை பாதத்தைச் சமமாக அழுத்தும். சின்ன வட்டங்கள் ஒரு பக்கச் சுவரை மட்டும் நெம்பும், மூட்டையும் திருகும். கல் பாதையில் ரப்பர் பூட்ஸ் மாட்டி, உள்ளே மெத்தென்ற பட்டை வைத்து நடத்தலாம். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும்.

குளம்பைப் பார்த்துக்கொண்டே இருந்து உடலை மறந்துவிடுவதும் உண்டு. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு, பிட்யூட்டரி சுரப்பி கட்டுப்பாடு இழக்கும் பிபிஐடி என்ற நோய் இருக்கிறது. அதோடு இன்சுலினும் ஏறினால் மடிப்புகள் பலவீனமாகும். 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான போனிகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தியே லாமினைட்டிஸை வரவழைத்துக் காட்டினார்கள். இரத்தப் பரிசோதனை செய்யாமல், சர்க்கரை மிகுந்த தீவனத்தைக் குறைக்காமல் எவ்வளவு சீவினாலும் புதுச் சுவர் பிடிக்காது. பிபிஐடிக்குப் பெர்கோலைடு என்ற மாத்திரை இருக்கிறது. பல் தேய்ந்த குதிரைக்கு வைக்கோல் மெல்ல முடியாது, புரதம் போதாது, குளம்பும் மெலியும்; பல்லையும் பார்க்க வேண்டும். பயோட்டின் பற்றிக் கேட்பவர்களுக்கு: வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகளுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்த ஆய்வில் குளம்பின் தரம் உயர்ந்தது, ஆனால் வித்தியாசம் தெரிய 9 மாதம் ஆனது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

வெள்ளைக் குளம்பு பலவீனமானது, கறுப்புக் குளம்புதான் உறுதியானது என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருக்கிறது. சோதித்துப் பார்த்ததில் நிறமியால் வலிமை மாறுவதாகத் தெரியவில்லை. நல்ல குதிரைகளை நிறத்தைக் காட்டி ஒதுக்குவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். இன்னொரு வருத்தமும் உண்டு. பந்தயக் குதிரையின் தசைநாருக்கும் வேகத்துக்கும் ஆராய்ச்சிப் பணம் வருகிறது. வேலை முடிந்த கிழக்குதிரையின் பாதத்துக்கு வருவதில்லை. மேலே சொன்ன 16 மாத ஆய்வில் 7 குதிரைகள்தான். வயதான நூறு குதிரைகளை 3 வருடம் பின்தொடரும் ஓர் ஆய்வுக்கு யாராவது பணம் கொடுத்தால், லாடமா வெறுங்காலா என்று நடக்கும் சண்டைகளில் பாதி ஓய்ந்துவிடும்.

வாசகருக்கு இன்னும் ஒன்று. மூட்டுவலி உள்ள குதிரையின் காலைச் சீவுவதற்காக உயரமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். தாழ்வாகப் பிடித்து, ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்து, தேவையானால் இரண்டு கால்களை இன்றும் இரண்டை நாளையும் செய்யச் சொல்லுங்கள். 12 மாதம் கழித்துச் சுவர் முழுவதும் நன்றாக வந்த பிறகும் கூரான சரளையில் தயங்கும் குதிரைகள் உண்டு. அந்தப் பாதையில் மட்டும் முன்னங்கால்களுக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் வெறுங்காலில் விட்டுவிடலாம்.