மாக்மா: பாறைக்குழம்பின் பதம்

அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ரசம் கொதிக்கும்போது குமிழிகள் சலசலவென்று எழுந்து தாமாக உடைந்துவிடும். கூழ் அப்படியல்ல. மேற்பரப்பு மெல்ல உப்பும், ஒரு கணம் தயங்கும், பிறகு 'பொத்'தென்று வெடித்துக் கையில் தெறிக்கும். இரண்டிலும் மேலே வருவது அதே நீராவிதான், பதம்தான் வேறு. எரிமலைகளுக்குள்ளும் நடப்பது ஏறக்குறைய இதுதான். அதனால்தான் மாக்மாவுக்குத் தமிழில் 'குழம்பு' என்று பெயர் வைத்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

'மாக்மா' கிரேக்கச் சொல். 'பிசை' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. பிசைந்து குழைத்த கெட்டியான களிம்பை முதலில் குறித்தது. நிலத்துக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக்கு நிலவியலாளர்கள் அதைப் பெயராக்கியது பிற்காலத்தில். தமிழில் குழை, குழைவு, குழம்பு எல்லாம் ஒரு குடும்பம். குழம்பு என்றதும் இன்று சோற்றில் ஊற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மார்பில் பூசும் சந்தனமும் சந்தனக் குழம்புதான். கிரேக்கர் களிம்பிலிருந்து எடுத்த சொல்லும் நாம் குழைப்பதிலிருந்து எடுத்த சொல்லும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கற்குழம்பு, பாறைக்குழம்பு இரண்டும் வழக்கில் உண்டு. உருகியது பாறை என்பதை நேராகச் சொல்வதால் பாறைக்குழம்பையே நான் எடுத்துக்கொள்வேன். செய்திகளில் வரும் 'நெருப்புக் குழம்பு' மட்டும் வேண்டாம். அதில் நெருப்பு இல்லை.

லாவா இத்தாலியச் சொல். மழை பெய்ததும் தெருவில் பாய்ந்தோடும் நீரை நேப்பிள்ஸ் மக்கள் அப்படி அழைத்தார்கள். பக்கத்திலிருந்த வெசூவியஸ் மலையிலிருந்து வழிந்தோடியதற்கும் பிறகு அதே பெயரைச் சூட்டினார்கள். 'கழுவு' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பார் ஒரு சாரார், 'சரிவு' என்னும் சொல்லிலிருந்து என்பார் மற்றொரு சாரார். தமிழில் எரிமலைக்குழம்பு. உள்ளே இருந்தால் மாக்மா, வெளியே வந்தால் லாவா என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரிதான், ஆனால் போதாது. உள்ளே இருக்கும் குழம்பில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயுக்கள் கரைந்திருக்கின்றன. வெளியே வரும்போது அவற்றில் பெரும்பகுதியை அது இழந்துவிடுகிறது. சரக்கே மாறிவிடுவதால்தான் இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன.

ஆங்கிலத்தில் எரிமலையைக் குறிக்கும் சொல், சிசிலிக்கு வடக்கே உள்ள வுல்கானோ தீவின் பெயரிலிருந்து வந்தது. அந்தத் தீவுக்குப் பெயர் தந்தவன் ரோமானியரின் தீக்கடவுள் வுல்கன். நம் 'எரிமலை' வினைத்தொகை. எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை என முக்காலத்துக்கும் விரியும். அணைந்தது, இப்போது உமிழ்வது, இனி உமிழக்கூடியது மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்த இந்த அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கே எதுவும் விறகுபோல எரிவதில்லை. 'எரிமலைச் சாம்பல்' என்பதும் சாம்பல் அல்ல. வெடிப்பில் நொறுங்கிய பாறையும் கண்ணாடியும் கலந்த கூரிய தூள். 1982இல் ஜாவாவின் கலுங்குங் மலை கக்கிய தூளுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. எஞ்சின் வெப்பத்தில் தூள் மறுபடி உருகி உள்ளே ஒட்டிக்கொண்டதுதான் காரணம். நல்ல வேளையாக எஞ்சின்கள் மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

இந்தக் குழம்பு எங்கிருந்து வருகிறது? நம் காலடியில் ஒரு குழம்புக் கடல் தளும்பிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் என்னும் பாறை அடுக்கு மிகுந்த சூட்டிலும் திடமாகவே இருக்கிறது. மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருகவிடுவதில்லை. ஐஸ்லாந்தில் போல, பூமியின் மேற்புறமாக அமைந்த பெரும் பாறைத் தட்டுகள் விலகும் இடத்தில் சூடான பாறை மேலெழும்போது பாரம் குறைந்து உருகுகிறது. ஹவாயில் ஆழத்திலிருந்து கூடுதல் சூட்டோடு எழும் பாறை உருகுகிறது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்தில், அது கொண்டுபோகும் நீர் மேலே உள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. இந்தோனேசிய எரிமலைகளும், போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே கடலில் நிற்கும் இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பாரன் தீவும் இந்த மூன்றாம் வகை.

இனி பதம். அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு, மணலின் முக்கியப் பொருளான சிலிக்காவுக்கு. சிலிக்கா பாதியளவு இருந்தால் குழம்பு பசால்ட். 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டில் இளகி ஓடும், வாயு எளிதாகப் பிரிந்துபோகும். சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டினால் ரயோலைட். சூடு குறைவு, பிசுக்கு பல மடங்கு அதிகம். குமிழிகள் வெளியேற வழியின்றி உள்ளேயே பெருத்துக் குழம்பையே நுரையாக்கி வெடிக்கும். குதிகால் தேய்க்கும் அசல் நுரைக்கல்லை எடுத்துப் பாருங்கள்: அத்தனை துளைகளும் உறைந்துபோன குமிழிகள். தண்ணீரில் போட்டால் மிதக்கும்.

2018இல் ஹவாயின் கிலாவேயாவிலிருந்து வழிந்த குழம்பு எழுநூறு வீடுகளை விழுங்கியது. ஆனால் மக்கள் நடந்தே விலகிச் செல்ல முடிந்தது. 1902 மே 8 அன்று கரீபியத் தீவான மார்த்தினிக்கில் பெலே மலையின் பிசுக்கான குழம்பு வெடித்து, சுடுவாயுவும் பாறைத்தூளும் கலந்த மேகமாகச் சரிவில் பாய்ந்தது. செயின்ட் பியர் நகரம் சில நிமிடங்களில் அழிந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 28,000 பேர். ஓட நேரமே இல்லை. 'எரிமலை வெடித்தது' என்று இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும். கிலாவேயாவில் குழம்பு வழிந்தது, பெலே மலைதான் வெடித்தது. வழிந்தது, பீறிட்டது, வெடித்தது என்று தமிழில் வினைகளுக்கா பஞ்சம்?

ஹவாய் மக்கள் இதில் நமக்கு மூத்தவர்கள். வழவழப்பாகச் சுருண்டு உறையும் குழம்பை அவர்கள் பாஹோயிஹோயி என்றார்கள்; காலைக் கிழிக்கும் கரடுமுரடான குழம்பை ஆஆ என்றார்கள். உலகம் முழுவதும் நிலவியலாளர்கள் இன்று அந்தச் சொற்களையே கையாளுகிறார்கள். ஒரே ஊற்றிலிருந்து புறப்பட்ட பாஹோயிஹோயி, சரிவில் ஓடி ஆறி, வாயுவை இழந்து இறுகும்போது வழியிலேயே ஆஆவாகிவிடும். ஆஆ திரும்பவும் பாஹோயிஹோயி ஆவது அரிது.