‘கையை இறக்கிப் போடு’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்

போன வாரம் வந்த பையனுக்குப் பன்னிரண்டு வயது. வலது முழங்கையை முழுசாக நீட்ட முடியவில்லை. உட்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பில் கட்டைவிரலை லேசாக வைத்ததுமே கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். “பந்தை மேலேருந்து போட்டா வலிக்குதுன்னான். அதான் சைட்ஆர்ம், பக்கவாட்டுல போடச் சொன்னோம்” என்றார் அப்பா. டெக்சாஸில் இந்த பேஸ்பால் சீசனில் மட்டும் இதே காரணத்தோடு என்னிடம் வந்த நான்காவது குடும்பம்.

சைட்ஆர்ம் போட்டால் கைக்கு நல்லது என்று யார் சொன்னது? நல்ல பிட்சர் (பந்தை எறிபவர்) எந்தக் கோணத்தில் எறிந்தாலும், மேல்கை தோளோடு கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில்தான் இருக்கும். மாறுவது உடம்பின் சாய்வு. மேலிருந்து எறிபவர் உடம்பை மறுபக்கம் சாய்க்கிறார். பக்கவாட்டில் எறிபவர் நிமிர்ந்து நிற்கிறார். ‘கையை இறக்கு’ என்றால் பிள்ளைக்கு இது புரியாது. உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு முழங்கையை மட்டும் தோளுக்குக் கீழே தொங்கவிடுவான். பக்கவாட்டில் எறியும்போது முழங்கையின் உட்பக்கத்தில் விழும் இழுவை கூடுதல் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வலிக்கிற கைக்கு இதுவா வைத்தியம்?

பெரியவர்களுக்கு அந்த இடத்தில் தசைநார் கிழியும். பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் இளசான பகுதி) இன்னும் மூடியிருக்காது, அதுதான் முதலில் விட்டுக்கொடுக்கும். ‘டாமி ஜான் சர்ஜரி செய்தால் வேகம் கூடுமாமே’ என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் அதைச் செய்தது கிழிந்த தசைநாருக்கு. வேகத்துக்காக இல்லை.

கோணத்தை மாற்றியே ஆக வேண்டுமா? சரி, சீசன் முடியட்டும். வலி இல்லாத கையில் தொடங்குங்கள். முதலில் பந்தே வேண்டாம். கண்ணாடி முன்னால் துண்டை வீசிப் பழகட்டும். அப்புறம் சமதரையில், குறைந்த தூரத்தில், பாதி வேகத்தில். 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து என்பது அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டியின் உச்சவரம்பு. 66-ஐ எட்டினாலே நான்கு நாள் ஓய்வு. புதுக் கோணத்தில் அந்த எண்ணிக்கையின் பக்கமே போகாதீர்கள். கொல்லைப்புறத்தில் அப்பாவோடு எறிவதும் கைக்குக் கணக்குத்தான். பிட்ச் செய்த அன்றே, பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராக உட்கார வைக்காதீர்கள். வலி மாத்திரை கொடுத்து ஆட அனுப்பாதீர்கள், தயவுசெய்து.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது, பிள்ளையின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லிப் பாருங்கள். எறியும் கை மட்டும் சற்று மடங்கி நின்றால் சனிக்கிழமை ஆட்டம் வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.